ஈரல் எண்ணெய்க் கூறு

என் கொழுந்தியாள் அற்புதம்மாள் 1958-ஆம் வருஷம் கோடை லீவுக்கு மதுரையிலிருந்து வந்து இறங்கியபோது, பாம்பன் ஸ்டேஷனில் அவளோடு நாலு மரப்பெட்டிகளும் இறங்கின. உள்ளே வைக்கோலில் பொதிந்த கண்ணாடிப் புட்டிகள். சுமந்தவன் நான். பெட்டியைக் கொஞ்சம் அசைத்தாலும் களுக் களுக் என்று சத்தம். மதுவிலக்கு இருந்த காலம். வாசலில் நின்ற போலீஸ்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஏ அற்புதம், மதுரைக்குப் படிக்கப் போனியா, சரக்குக் கடத்தப் போனியா?" என்றேன்.

"மெதுவா வைங்க மச்சான். எல்லாம் மருந்து."

வீட்டுக்கு வந்ததும் ஒரு புட்டியைத் திறந்து மோந்து பார்த்தேன். முதலில் ஏலக்காய் வாசம் வந்தது. அதற்கு அடியிலிருந்து எழுந்து வந்த நாற்றம் எனக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். சுறா ஈரல் எண்ணெய். வள்ளத்தின் பலகை உளுத்துப் போகாமலிருக்க வருஷா வருஷம் நாங்கள் பூசுவது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று என் மாமியார் சொல்வாள். அன்றைக்கு அது மூக்கு வழியாகவே ஏறிவிட்டது.

"வள்ளத்துக்குப் பூசுறதப் பிள்ளைகளுக்கு ஊத்தப் போறியா? இதுக்கா ஒன்னக் காலேசுக்கு அனுப்புனோம்?"

அவள் சிரித்தாள். என் கோபத்தைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். என் வீட்டில் எல்லோருக்குமே அப்படித்தான். அது எனக்கு நெடுநாள் குறை.

அவள் அப்போது பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். காலேஜ் பிள்ளைகள் கோடை லீவில் வெட்டியாக இருக்காமல் மருத்துவ ஆராய்ச்சி பழகட்டும் என்று மெட்ராஸில் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். காலேஜுக்கு ஒருவர்தான். ஒரு டாக்டருக்குக் கீழே, சொந்த ஊர்ப் பக்கமே இருந்து வேலை பார்க்கவேண்டும். அற்புதத்துக்கு வாய்த்தவர் டாக்டர் சேதுலட்சுமி. அந்த அம்மா மண்டபத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தங்கியிருந்தார். வேலையைச் சுத்தமாக முடித்தால், படிப்பு முடிந்ததும் மெட்ராஸில் தன்னோடு ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதைச் சொல்லும்போது அற்புதத்தின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! கல்யாணம் நிச்சயமான பெண்கள்கூட அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

"எந்த நோயப் பத்தி ஆராய்ச்சி பண்ணப் பிரியம்னு கேட்டாக மச்சான். எல்லாரும் காசநோய், மலேரியான்னு சொன்னாக. நான் மாலைக்கண்ணுன்னேன்," என்றாள்.

அப்புறம் நான் ஏன் கோபப்படப் போகிறேன்?

என் மகள் ஜெபமாலைக்கு அப்போது அஞ்சு வயசு. பகலில் அவளைப் பிடிக்க முடியாது. நண்டு, நாய்க்குட்டி, அடுத்த வீட்டுக் கோழி எல்லாம் அவளுக்குப் பயந்து கிடக்கும். மாதா கோயிலில் அந்தி மணி அடித்ததும் எங்கே நிற்கிறாளோ அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். அழமாட்டாள். யாராவது வந்து தூக்கும்வரை மணலில் காலை மடக்கி உட்கார்ந்திருப்பாள். எங்கள் தெருவில் பல பிள்ளைகளுக்கு மாலைக்கண் இருந்தது. மற்றப் பிள்ளைகள் தடவித் தடவி நடந்து, முட்டிக்கொண்டு விழுந்து எழுந்திருக்கும். இவள் ரோஷக்காரி. விழுந்து எழுவதைவிட உட்கார்ந்திருப்பதே கௌரவம் என்று முடிவு செய்திருந்தாள். அந்தக் குணம் என்னுடையதாம். என் மனைவி யாகு சொல்வாள்.

நான் கரை ஏறினால் முதல் வேலை அவளைத் தேடுவதுதான். கிட்டப் போனதும் கையை நீட்டி என் தாடையைத் தடவுவாள். அங்கே தூண்டில் முள் கிழித்த தழும்பு ஒன்று உண்டு. அது விரலில் பட்டதும், "அய்யாதான்" என்று கழுத்தைக் கட்டிக்கொள்வாள். வீட்டுக்கு வரும்வரை என் தோளில் முகத்தை வைத்தபடி, அன்றைக்கு யார் யாரோடு சண்டை போட்டாள் என்று ஒப்பிப்பாள். எனக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் ராத்திரி அவள் தூங்கிய பிறகு, வளர்ந்த பிறகு இவளை யார் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்ற நினைப்பு வந்துவிடும்.

"இது சாப்பாட்டுக் கோளாறு மச்சான். திருஷ்டியும் இல்ல, சாபமும் இல்ல. ஒடம்புல ஒரு சத்து கொறஞ்சா ராத்திரிக் கண்ணு மங்கிரும். அப்படியே விட்டா பகல் கண்ணும் போயிரும். அந்தச் சத்து சுறா ஈரல்ல நெறைய இருக்கு," என்றாள் அற்புதம்.

அதைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் எங்கள் சுறா ஈரல் எல்லாம் எண்ணெய் வியாபாரி மதார் காக்காவின் பீப்பாய்க்குள் போய், ரயிலேறி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. வியாபாரம் அது. அதன் அருமை காக்காவுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இப்போது ஒரு ஈரலைக் கேட்டு வாங்கலாம் என்றால் சுறா படுகிற காலமும் முடிந்து, எங்கள் வலையில் சூடை, காரல் என்று பொடி மீன்கள்தான் விழுந்தன. எல்லாம் இந்தப் புட்டியை நம்பித்தான்.

அற்புதம் இன்னொன்றையும் என்னிடம் மட்டும் சொன்னாள். பாதிப் புட்டிகளில்தான் ஈரல் எண்ணெய். மீதியில் இருப்பது வெறும் கடலை எண்ணெய். வித்தியாசம் தெரியாமலிருக்க ஏலக்காயும், மீன் வாசத்துக்கு ஏதோ ஒரு சொட்டும் சேர்த்திருந்தார்கள். புட்டிக்குப் புட்டி நம்பர் ஒட்டியிருந்தது. எந்த நம்பரில் எது என்பது டாக்டரம்மாவுக்கு மட்டும் தெரியும்.

"ஒனக்குமா தெரியாது?"

"தெரிஞ்சா என் கண்ணு பொய் சொல்லும் மச்சான். நல்ல எண்ணெய் குடிச்ச பிள்ளைக்குத் தெளிஞ்சிருச்சுன்னு நானே நெனச்சுக்கிருவேன். ரெண்டு பக்கத்தையும் தெரியாமப் பாத்து, கடைசியில ஒத்துப் பாத்தாத்தான் நெசம் தெரியும்."

"சரி, நம்ம ஜெபமாலைக்கு எது?"

"தெரியாதுன்னுதான சொல்றேன். சீட்டுக் குலுக்கித்தான் போட்டோம்."

"சொந்த அக்கா மகளுக்குச் சீட்டுக் குலுக்குனவ ஒலகத்துலயே நீ ஒருத்திதான்," என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது போல.

இந்த இடத்தில் என் மனைவி யாகப்பம்மாளைப் பற்றிச் சொல்லவேண்டும். யாகு என்றால்தான் தெருவில் தெரியும். பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஏலத்தில் மீன் எடுத்தால், அதைக் கூறு வைக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். கூறு வைக்கிறவர் கடைசியில் மிஞ்சும் கூறைத்தான் எடுக்கவேண்டும். அது கரையில் வழக்கம். அப்போதுதான் கூறு ஒழுங்காக விழும். ஒன்றைச் சிறுத்து வைத்தால் அது தன் தலையிலேயே விடியும் அல்லவா? யாகு வைத்த கூறில் எது பெரிது, எது சிறிது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பெருமையில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. நான் பலமுறை அதைக் குறைக்கப் பார்த்துத் தோற்றிருக்கிறேன்.

புட்டிகளை எங்கள் வீட்டில்தான் வைத்திருந்தாள் அற்புதம். திங்கட்கிழமை காலையில் தெருப் பெண்கள் வந்து அவரவர் பிள்ளையின் நம்பர் போட்ட புட்டியை வாங்கிப்போவார்கள். தினம் ஒரு கரண்டி. "ஒருத்தர் புட்டிய இன்னொருத்தர் தொடக்கூடாது, மறந்துறாதீக," என்று அவள் ஒவ்வொருத்தியிடமும் சொல்வாள். எல்லாரும் கோயிலில் பூசை கேட்பதுபோல் அடக்கமாகத் தலையாட்டுவார்கள். அந்த அடக்கத்தைப் பார்த்தே நான் சந்தேகப்பட்டிருக்கவேண்டும். எங்கள் தெருப் பெண்கள் பூசையிலேயே அவ்வளவு அடக்கமாக இருந்ததில்லை.

சனிக்கிழமை அந்தியில் சோதனை. எங்கள் வலைக் கொட்டகையின் இடுக்கெல்லாம் பாய் கட்டி, உள்ளே மங்கலாக்கி, தரையில் வெள்ளைச் சோழிகளை இறைத்துவிடுவாள். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்ப் பொறுக்கவேண்டும். பொறுக்கியதை எண்ணி எழுதிக்கொள்வாள். முதல் சனிக்கிழமை பெரும்பாலான பிள்ளைகள் வெறும் மணலைத்தான் அள்ளிக்கொண்டு வந்தன. ஜெபமாலை உள்ளே போனதும் உட்கார்ந்துவிட்டாள். உள்ளிருந்தே, "சின்னம்மா, நான் நாளைக்கிக் காலையில பொறுக்கித் தாரேன்," என்று சத்தம் போட்டாள்.

மூன்றாவது சனிக்கிழமை தெருவே கூடிவிட்டது. பிரகாசி என்று அடுத்த வீட்டுக்காரி. அவள் மகன் போன மாசம்தான் இருட்டில் சுண்ணாம்புக் குழியில் விழுந்து காலைக் கீறிக்கொண்டவன். அவன் இரண்டு கை நிறையச் சோழியோடு வெளியே வந்தான். அடுத்து வந்தவளும் அப்படியே. அதற்கடுத்தவனும். பிரகாசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கொட்டகைக்கு வெளியே பிள்ளைகள் மங்கல் வெளிச்சத்தில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. அந்த நேரத்தில் அந்தக் கரையில் அப்படி ஓர் இரைச்சலை நான் கேட்டதே இல்லை.

ஜெபமாலை உள்ளே போனாள். உட்கார்ந்தாள்.

அற்புதம் குனிந்து எழுதினாள். யாகு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. "ஒன் எண்ணெய் ஊருக்கெல்லாம் வேலை செய்யுது. என் வீட்டு வாசப்படிய மட்டும் மிதிக்க மாட்டேங்குது. நம்ம பிள்ளைக்குச் சீட்டுல கடலையெண்ணெய் விழுந்திருக்கு, அதான்! போயி டாக்டரம்மாகிட்டக் கேட்டு மாத்திக் குடு," என்று கத்தினேன்.

"முடியாது மச்சான்."

"சரி, தெளிஞ்சிருச்சுன்னாச்சும் எழுது. ஒனக்காவது நல்ல பேரு வரட்டும்."

"அதுவும் முடியாது," என்றாள் அற்புதம். சொல்லிவிட்டு ஜெபமாலையை மடியில் போட்டுக்கொண்டு, அவள் தலையில் முகத்தை வைத்து அழுதாள். "நீங்க கத்துங்க மச்சான். எனக்கும் கத்தணும் போலத்தான் இருக்கு."

யாகு எழுந்து சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். அவள் அன்றைக்கு எனக்குப் பதில் பேசாதது எவ்வளவு பெரிய அதிசயம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் டாக்டர் சேதுலட்சுமி மண்டபத்திலிருந்து ரயிலில் வந்தார். கட்டுமஸ்தான அம்மா, வெள்ளைக் கதர்ச் சேலை, கையில் குடை. கொட்டகையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, எந்த நம்பரில் எந்த எண்ணெய் என்று தான் வைத்திருந்த கணக்கையும் அற்புதம் எழுதியதையும் ஒத்துப் பார்த்தார். தெருப் பெண்கள் பிள்ளைகளோடு சுற்றி நின்றார்கள். பார்க்கப் பார்க்க அந்த அம்மாவின் முகம் இருண்டுகொண்டே போயிற்று.

"அற்புதம், இது என்ன? கடலை எண்ணெய் குடிச்ச பிள்ளைகளுக்கும் கண் தெளிஞ்சிருக்கு. ஈரல் எண்ணெய் குடிச்ச பிள்ளைகளுக்கும் தெளிஞ்சிருக்கு. ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லை. தெளியாதது ஒரே ஒரு பிள்ளைக்கு. அந்தப் பிள்ளையோட புட்டியில இருந்தது ஈரல் எண்ணெய்!"

"எந்தப் பிள்ளை டாக்டர்?" என்றாள் அற்புதம். அவளுக்குத் தெரிந்துதான் கேட்டாள்.

"ஜெபமாலை."

என் பிள்ளைக்குத்தான் நல்ல எண்ணெய் விழுந்திருக்கிறது. அவளுக்குத்தான் தெளியவில்லை.

"நீ புட்டிகளை மாத்திக் குடுத்திருக்கே. வேற எப்படியும் இது வராது. எண்ணெயைக் குடுக்கிறதுல கவனமில்லைன்னா, ஆராய்ச்சின்னு சொல்லிக்கிட்டு நாம பண்றது எல்லாம் விளையாட்டு. இந்த வேலையை இன்னையோட நிறுத்திக்கலாம். நீ மதுரைக்குத் திரும்பிப் போ," என்றார் டாக்டரம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"நான் மாத்தல டாக்டர்," என்றாள் அற்புதம்.

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் யாகு போய் பெஞ்சுக்கு எதிரே நின்றாள்.

"டாக்டரம்மா, அவ மேல குத்தம் இல்ல. எண்ணெயக் கலந்தது நாங்க."

"நாங்கன்னா யாரு?"

யாகு திரும்பிப் பார்த்தாள். தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மணலைப் பார்த்தார்கள்.

"நாந்தான்," என்றாள் யாகு. "மொத நாளே தெரிஞ்சுபோச்சு. ஏலக்காயப் போட்டா எங்களுக்குத் தெரியாதாம்மா? ஈரலெண்ணெய்க்கு நடுவுல பொறந்து வளந்த மூக்கு இது. பாதிப் புட்டியில எண்ணெய், பாதிப் புட்டியில ஏமாத்து. ஒரே தெரு, ஒரே கெணத்துத் தண்ணி. ஒருத்தி பிள்ளைக்கு நல்லது, அடுத்தவ பிள்ளைக்கு ஏமாத்துன்னா எப்படிக் கையில வாங்கிட்டுப் போக முடியும்? அதான் இவ அங்கிட்டுப் போனதும் எல்லாப் புட்டியவும் ஒரு பானையில ஊத்தி, சமமாக் கூறு வச்சுத் திரும்ப ஊத்திக் குடுத்தேன். வாராவாரம் அப்படித்தான்."

"அக்கா!" என்றாள் அற்புதம்.

"பேரு எழுதாத பிள்ளைகளும் வந்துச்சுக. வாசல்ல வந்து நிக்கிற பிள்ளையப் போன்னு சொல்ல முடியுமா? அதுகளுக்கும் ஒரு கூறு வச்சேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"அதான் எல்லாருக்கும் தெளிஞ்சிருக்கு. சரி. அப்ப உன் மகளுக்கு மட்டும் ஏன் தெளியலை? அவளும் அந்தப் பானையிலிருந்துதானே குடிச்சா?"

பிரகாசிதான் திடீரென்று தலையை நிமிர்த்தினாள்.

"ஏ யாகு. கூறு வச்சவ நீதான. கடைசிக் கூறு ஒனக்குத்தான?"

"ஆமா."

"நாங்க எல்லாம் எடுத்தப்புறம், கடைசியில என்னடி இருந்துச்சு?"

"பானை இருந்துச்சு," என்றாள் யாகு.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே மேலே சொன்னாள்.

"மொத வாரம் பத்தல. அடுத்த வாரம் மிஞ்சும்னு பாத்தேன். அடுத்த வாரம் இன்னும் ரெண்டு பிள்ளை கூட வந்துச்சு. அற்புதத்துக்குத் தெரியக்கூடாதுன்னு ஜெபமாலை புட்டியில அடுக்களைக் கடலையெண்ணெய ஊத்தி வச்சேன். தெனமும் அதத்தான் குடுத்தேன்."

எனக்குக் கோபம் வரும் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் அது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"நம்ம பிள்ளைக்கு ஒரு கரண்டி ஒதுக்கி வைக்க ஒனக்குக் கை வரலையா யாகு?" என்றுதான் கேட்க முடிந்தது.

"கூறு வச்சவ முந்தி எடுத்தா அப்புறம் என் கூற எவ நம்புவா?" என்றாள். எப்போதும்போல் விறைப்பாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது. "தெனமும் அந்தியில நீங்க அவளத் தூக்கிட்டு வாரப்ப நான் அடுக்களைக்குள்ள போயி நின்னுக்கிருவேன். யாருட்டப் போயிச் சொல்லுவேன்?"

ஜெபமாலை ஓடிவந்து தாயின் காலைக் கட்டிக்கொண்டாள். பகல் வெளிச்சம் இன்னும் இருந்தது.

டாக்டரம்மா அற்புதத்தின் பக்கம் திரும்பினார். "உனக்கு இது தெரியாது?"

"தெரியாது டாக்டர்."

"உன் அக்கா மகளுக்குத் தெளியலைன்னு வாராவாரம் நீதான் எழுதினே."

"தெளியல. அதான் எழுதினேன்."

"நீ ஆசைப்பட்டுக் கொஞ்சம் கூட்டி எழுதியிருந்தா, எல்லாப் பிள்ளைக்கும் சரியாயிடுச்சு, கடலை எண்ணெயே போதும், இந்த ஈரல் எண்ணெயால ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு நான் முடிவு பண்ணிட்டுப் போயிருப்பேன். இந்தக் கரையில ஒரு பிள்ளைக்கும் அப்புறம் ஒரு சொட்டு வந்திருக்காது." அந்த அம்மா எழுந்து குடையை ஊன்றிக்கொண்டார். "ஒரு பிள்ளையை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது. இது ஆராய்ச்சியில சேராது. இதைக் கெடுத்துட்டீங்க, நல்லாவே கெடுத்துட்டீங்க. ஆனா மெட்ராஸுக்கு எனக்கு வேண்டியது இந்த மாதிரி எழுதற ஒரு கைதான். அடுத்த கோடையிலயும் நீயே வா. புதுசா ஆரம்பிக்கலாம்."

அற்புதம் பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த தடவ ஏமாத்து எண்ணெய் வேண்டாம் டாக்டர். இவுக ஒத்துக்கிற மாட்டாக. கரைவலையில முறை போடுற மாதிரி ஒரு தெருவுக்கு முந்தி, ஒரு தெருவுக்குப் பிந்தின்னு வச்சுக்குவோம். எல்லாருக்கும் நல்ல எண்ணெய்தான், காத்திருக்கிறது மட்டுந்தான் வித்தியாசம். முறைன்னா இங்கன யாரும் மீற மாட்டாக."

"உன் அக்காவைக் கேட்டுச் சொல்லு," என்றார் டாக்டரம்மா. அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

இந்தப் பேச்செல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் காணாமல் போயிருந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போகிறார்களே, நன்றிகெட்ட கழுதைகள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் அவளவள் பிள்ளையின் புட்டி. பிரகாசி முதலில் வந்தாள். யாருடைய அனுமதியையும் கேட்கவில்லை. யாகுவின் கையிலிருந்த ஜெபமாலையின் புட்டியைப் பிடுங்கி, உள்ளே இருந்த அடுக்களை எண்ணெயை மணலில் கவிழ்த்தாள். பிறகு தன் புட்டியைச் சாய்த்து ஊற்றினாள். அடுத்தவள் ஊற்றினாள். அதற்கடுத்தவள் ஊற்றினாள்.

அற்புதம் "கலக்காதீக" என்று சொல்ல வாயெடுத்தாள். பழக்கதோஷம். சொல்லாமல் மூடிக்கொண்டாள். டாக்டரம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாலத்தில் போகிற ரயிலைப் பார்த்தபடி நின்றார். பாலத்தில் அப்போது ரயில் எதுவும் போகவில்லை.

யாகு மட்டும் கையை மறித்தாள். "போதும், போதும். ஒங்க பிள்ளைகளுக்குப் பத்தாமப் போயிரும்."

"நீ பேசாத. இந்தக் கூறு நாங்க வைக்கிறது," என்றாள் பிரகாசி. "கடைசியா எடுக்கிறது நாங்க."

முதல் கரண்டியை ஜெபமாலை வாயில் அங்கேயே ஊற்றினார்கள். அவள் மூஞ்சியைச் சுளித்து, "இது நாறுது. அம்மா குடுக்கிறதுதான் நல்லாருக்கும்," என்றாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள்.

டாக்டரம்மா தன் கைவசம் மீதியிருந்த நல்ல எண்ணெயையெல்லாம் மறுநாளே அனுப்பிவைத்தார். அதைக் கூறு வைக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. மதார் காக்காவும் விஷயம் கேள்விப்பட்டு, இனி எந்த வள்ளத்தில் சுறா வந்தாலும் முதல் ஈரல் தெருப் பிள்ளைகளுக்கு என்று தாமாகவே சொல்லிவிட்டுப் போனார். நான் அவரோடு சண்டை போட வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வீணாய்ப் போயின.

இரண்டு வாரம் கழிந்திருக்கும். சோழகம் என்கிற தென்காற்று கிளம்பிவிட்டது. அன்றைக்கு நாங்கள் கரை சேரப் பிந்திவிட்டது. அந்தி மணி நாங்கள் கடலில் இருக்கும்போதே அடித்து ஓய்ந்தது. வள்ளத்தை ஏற்றிவிட்டு, வழக்கமாக ஜெபமாலை உட்காரும் இடத்துக்குப் போனேன். அங்கே இல்லை. கட்டிக் கிடந்த வலைகளுக்குப் பின்னால் பார்த்தேன். இல்லை. தண்ணீர்ப் பக்கம் பார்த்தேன். "ஏ ஜெபமாலை!" என்று கத்தினேன். காற்று அதை எங்கேயோ கொண்டுபோயிற்று.

தூரத்தில் கோயில் பக்கமிருந்து ஏதோ ஒன்று சின்னதாக ஓடி வந்தது. நாய்க்குட்டி என்று நினைத்தேன். நங்கூரக் கயிறு ஒன்று குறுக்கே கிடந்தது. அதைத் தாண்டியது. காயப் போட்டிருந்த கருவாட்டுப் பாயைச் சுற்றிக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால், வெகு தூரத்தில், அற்புதம் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கூட வரவில்லை. வேண்டுமென்றேதான் வரவில்லை.

ஜெபமாலை என் முன்னால் வந்து மூச்சிரைக்க நின்றாள். நான் மண்டியிட்டேன். வழக்கம்போல் என் தாடையைத் தடவுவாள் என்று முகத்தை நீட்டினேன். அவள் தடவவில்லை. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அய்யா, ஒங்க தழும்பு அங்கன இருந்தே தெரியுது," என்றாள்.

தூக்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். "வேண்டாம். நான் நடந்து வாரேன்," என்றாள் ரோஷக்காரி. என் விரலைப் பிடித்துக்கொண்டு அவள்தான் முன்னால் நடந்தாள். எனக்குத்தான் அன்றைக்குக் கண் ஒன்றும் தெரியவில்லை. "பாத்து வாங்க அய்யா, கயிறு கெடக்கு," என்று சொல்லிச் சொல்லி என்னை வீடு கொண்டுவந்து சேர்த்தாள்.